அடுத்த பாட்டு எது? டிஜே பத்தி வாசகர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

டிஜே வேலை பத்தி என்ன வேணா கேளுங்கன்னு போன இதழ்ல சொல்லியிருந்தேன், இவ்ளோ கேள்வி வந்து குவியும்னு நினைக்கல. ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். இருபது வருஷத்துக்கு மேல இந்த வேலையில இருக்கேன், இன்னும் இதுமேல ஆச தீரல, அதனால சில பதில் நீளமா தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

கேள்வி: அக்கா, ஒரு பார்ட்டில கவனிச்சேன், டிஜே பாதி நேரம் கைய மேல தூக்கி ஆட்டிக்கிட்டே இருந்தாரு, பாட்டு அதுபாட்டுக்கு ஓடுது. நிஜமா அங்க என்ன வேலை நடக்குது? ஒரு பிளேலிஸ்ட் போட்டு விட்டா போதாதா?

பதில்: இந்த கேள்வி கேட்டா எனக்கு கோவமே வராது, ஏன்னா வேலை முழுக்க காதுக்குள்ள நடக்குது, வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு தெரிய வழியே இல்ல. ஸ்பீக்கர்ல ஒரு பாட்டு ஓடுது, அது நிமிஷத்துக்கு 120 தாள அடின்னு வெச்சுக்கோங்க. ஹெட்போன்ல ஒரு காதுல அடுத்த பாட்டு, அது 121. ஒரே ஒரு அடி தானே வித்தியாசம்னு தோணும். ரெண்டையும் சரியா சேத்து விட்டாலும் 30 நொடில அர அடி விலகிடும், அதாவது ஒண்ணோட டிரம் இன்னொண்ணோட ரெண்டு டிரம்முக்கு நட்டநடுவுல விழும், ரெண்டு உலக்கையும் ஒண்ணா விழணும்னு நினைக்கிறப்ப ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தி விழுந்தா எப்படி இருக்கும், அப்படி. ஆடிட்டு இருக்கவங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லத் தெரியாது, ஆனா கால் தடுமாறி நின்னுடுவாங்க. அதனால பாட்டு வேகத்த கூட்டி குறைக்கிற பிட்ச் ஃபேடர இம்மி இம்மியா நகத்தி ரெண்டு வேகத்தையும் ஒண்ணாக்கணும், இதுக்கு பேரு தான் பீட்மேட்ச்.

அதோட முடியல. ஆடுற பாட்டுல பெரும்பாலும் 32 அடிக்கு ஒரு திருப்பம் வரும், புது பாட்டு அந்த திருப்பத்துல தான் உள்ள நுழையணும், வாக்கியத்துக்கு நடுவுல புகுந்து பேசினா எப்படி இருக்கும், அது மாதிரி ஆகிடக்கூடாது. ரெண்டு பாட்டோட பேஸும், அதாவது அந்த கனமான தாழ்ந்த சத்தமும், ஒண்ணா ஓடினா கொழகொழன்னு ஆகிடும், அதனால ஒண்ணோட பேஸ இறக்குற அதே நேரம் இன்னொண்ண ஏத்தணும்.

ஒரு தடவ ஒரு பெரிய ஹால்ல என் பக்கத்துல இருக்க வேண்டிய மானிட்டர் ஸ்பீக்கர் வேலை செய்யல. மெயின் ஸ்பீக்கர் ஒரு 20 மீட்டர் தள்ளி இருந்துச்சு. காது சொன்னத நம்பி மிக்ஸ் பண்ணேன், ஃப்ளோர்ல எல்லாம் சிதறிப்போச்சு, எனக்கு புரியவே இல்ல, அழுகை வந்துடுச்சு. அப்புறம் தான் ஒரு சீனியர் சொன்னாரு, சத்தம் ஒரு நொடிக்கு 340 மீட்டர் சொச்சம் தான் போகும், 20 மீட்டர் தாண்டி எங்கிட்ட வந்து சேர கிட்டத்தட்ட 0.06 நொடி ஆகுது, ஹெட்போன்ல கேக்குறதோ உடனே கேக்குது, நான் லேட்டா வந்த சத்தத்தோட சேத்ததால ஒவ்வொரு அடியும் பிந்தி விழுந்திருக்கு. ரெண்டு பாட்டையும் ஹெட்போன்லயே கேட்டு சேத்தப்புறம் தான் சரியாச்சு.

இவ்ளோவும் பாதி வேலை தான். மீதி பாதி அடுத்த பாட்டு எதுன்னு முடிவு பண்றது. இடது பக்கம் ஒரு கூட்டம் மெல்ல கலையுது, முன்னாடி ரெண்டு பேரு கண்ண மூடிட்டு ஆடுறாங்க, இப்ப வேகத்த ஏத்தவா, இல்ல இன்னும் பத்து நிமிஷம் இப்படியே வெக்கவா? பிளேலிஸ்டுக்கு கண்ணு கிடையாது, அது தான் வித்தியாசம்.

கேள்வி: ஜாக்கின்னா குதிரை ஓட்டுறவர் தானே, பாட்டு போடுறவருக்கு எப்படி அந்த பேரு வந்துச்சு?

பதில்: ரேடியோல இருந்து வந்தது. 1935 வாக்குல நியூயார்க்ல டபிள்யூஎன்இடபிள்யூ ஸ்டேஷன்ல மார்ட்டின் பிளாக்னு ஒரு அறிவிப்பாளர், அப்ப ஊரே பேசின ஒரு வழக்கு விசாரணை நடந்துட்டு இருந்துச்சு, அந்த செய்திகளுக்கு நடுவுல வர்ற காலி நேரத்த ரெக்கார்ட் போட்டு நிரப்பினாரு, ஏதோ டான்ஸ் ஹால்ல நிஜமாவே பேண்ட் வாசிக்கிற மாதிரி பேசி பேசி ஓட்டினாரு, ஜனங்களுக்கு ரொம்ப புடிச்சு போச்சு. வால்டர் வின்செல்ங்கற பத்திரிகையாளர் தான் இவர பத்தி சொல்றப்ப டிஸ்க் ஜாக்கிங்கற வார்த்தைய உருவாக்கினார்னு பொதுவா சொல்றாங்க. ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், அந்த காலத்துல ரெக்கார்ட் மேலயே ரேடியோல போட அனுமதி இல்லைன்னு அச்சடிச்சு தான் வித்தாங்க. 1940-ல அமெரிக்க மேல்முறையீட்டு கோர்ட்ல, வில கொடுத்து வாங்கின ரெக்கார்ட ரேடியோக்காரங்க போடுறத தடுக்க முடியாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. அந்த தீர்ப்பு மட்டும் வேற மாதிரி வந்திருந்தா ரேடியோ டிஜேங்கற வேலையே வளந்திருக்குமான்னு யோசிச்சு பாருங்க.

கேள்வி: ரெண்டு பாட்ட இடைவெளி இல்லாம சேக்குறத ஆரம்பிச்சது யாரு?

பதில்: ஒருத்தர மட்டும் கைகாட்ட முடியாது. ஆனா பீட்மேட்ச ஒரு கலையா ஆக்கினவர்னு எல்லாரும் சொல்ற பேரு பிரான்சிஸ் கிராஸோ. 1960-கள் கடைசில நியூயார்க்ல சர்ச்சா இருந்த ஒரு கட்டடத்த சாங்ச்சுவரிங்கற கிளப்பா மாத்தியிருந்தாங்க, அங்க வாசிச்சாரு. கீழ தட்டு சுத்திட்டே இருக்கும், மேல ரெக்கார்ட மட்டும் விரலால புடிச்சு நிறுத்தி வெச்சு சரியான நொடில விட்டுடுவாரு, இத ஸ்லிப்-க்யூன்னு சொல்றோம், இன்னைக்கும் வினைல் ரெக்கார்ட்ல வாசிக்கிறவங்க முதல்ல கத்துக்குறது இது தான்.

அதே ஊர்ல 1970 பிப்ரவரி 14 அன்னைக்கு டேவிட் மன்குஸோன்னு ஒருத்தர் தன் வீட்டுலயே ஒரு பார்ட்டி வெச்சாரு, அது தான் பின்னாடி லாஃப்ட்னு பேரு வாங்குச்சு. அழைப்பு இருக்கவங்க மட்டும் வரலாம், மது விக்கிறது இல்ல, சவுண்ட் சிஸ்டம் மேல அவருக்கு உயிரு. இவரு பின்னாடி மிக்ஸ் பண்றதையே விட்டுட்டாரு, ஒவ்வொரு பாட்டையும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் போட விட்டாரு, பாட்டு முடிஞ்சா ஜனங்க கைதட்டுவாங்க. எனக்கு இவர நினைச்சா மனசு நெறஞ்சு போகும், ஏன்னா பாட்ட ஒண்ணோட ஒண்ணு சேக்காமலே கூட, பாட்ட தேர்ந்தெடுக்குறத வெச்சே ஒருத்தர் மகா டிஜேவா இருக்க முடியும்னு காட்டினவரு இவரு.

கேள்வி: ஹிப்ஹாப் ஒரு பொறந்தநாள் பார்ட்டில பொறந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், உண்மையா அக்கா? ஸ்க்ராட்ச் எப்படி வந்துச்சு?

பதில்: பொறந்தநாள் இல்லப்பா, லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கப்போற நேரம். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்ஸ்ல 1520 செட்ஜ்விக் அவென்யூங்கற அடுக்குமாடில கீழ இருக்க பொது ரூம். சிண்டி கேம்பல்ங்கற பொண்ணு ஸ்கூலுக்கு புது துணி வாங்க காசு சேக்கணும்னு பார்ட்டி ஏற்பாடு பண்ணுச்சு, பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட். பாட்டு போட்டது அவங்க அண்ணன் கிளைவ், ஊரு வெச்ச பேரு கூல் ஹெர்க். எல்லாரும் ஹெர்க் பேர சொல்லிட்டு சிண்டிய விட்டுடுறாங்க, அந்த பொண்ணு ரூம புடிச்சு காசு வசூல் பண்ணலைன்னா அந்த ராத்திரியே கிடையாது.

ஹெர்க் கவனிச்சது ரொம்ப எளிமையான விஷயம். ஃபங்க் பாட்டுல குரலும் மத்த வாத்தியமும் நின்னு வெறும் டிரம்மும் பேஸும் மட்டும் ஓடுற ஒரு சின்ன துண்டு வரும், அதுக்கு பேரு பிரேக், அது வர்றப்ப தான் பசங்க வெறி புடிச்சு ஆடுறாங்க, ஆனா பத்து பதினஞ்சு நொடில முடிஞ்சுடும். அவரு அதே ரெக்கார்ட ரெண்டு வாங்கி, டர்ன்டேபிள்னு சொல்ற ரெக்கார்ட் சுத்துற மெஷின் ரெண்டுல வெச்சு, இதுல பிரேக் முடிய முடிய அதுல ஆரம்பிச்சு, அது முடிய இதுலன்னு மாத்தி மாத்தி ஓட்டினாரு. அந்த பிரேக்குக்கு ஆடினவங்க தான் பி-பாய், பி-கேர்ள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல பிரேக்கிங்னு போட்டி வெச்சாங்களே, அதுல மேடைல டிஜே தான் பாட்டு போட்டாங்க, ஆடுறவங்களுக்கு என்ன பாட்டு வரும்னு முன்கூட்டியே தெரியாது. அத டிவில பாத்தப்ப எனக்கு அந்த கீழ் ரூம் தான் ஞாபகம் வந்துச்சு.

ஹெர்க் கைய தூக்கி ஊசிய குத்துமதிப்பா வெப்பாரு. அத துல்லியமா ஆக்குனது கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், எலக்ட்ரானிக்ஸ் படிச்ச பையன். 33 ஆர்பிஎம் ரெக்கார்ட், அதாவது நிமிஷத்துக்கு 33 சுத்து சொச்சம் சுத்துறது, ஒரு சுத்து சுத்த 1.8 நொடி, அப்ப 10 நொடி பிரேக்னா ஏறக்குறைய அஞ்சரை சுத்து. ரெக்கார்ட் மேல க்ரேயான்ல கோடு போட்டு, கடிகார முள்ளு மாதிரி பாத்து, இத்தன சுத்து பின்னாடி திருப்பினா பிரேக்கோட ஆரம்பம் வந்துடும்னு கணக்கு வெச்சாரு. ரெக்கார்ட தொடவே கூடாதுன்னு இருந்த காலத்துல இவரு விரல் முழுக்க அது மேல வெச்சாரு. கீழ இருக்க ரப்பர் மேட் புடிச்சு இழுக்குதுன்னு ஃபெல்ட் துணிய வட்டமா வெட்டி கஞ்சி ஸ்பிரே அடிச்சு அயர்ன் பண்ணி போட்டாராம், வழுக்கிக்கிட்டு போச்சு. இன்னைக்கு கடையில விக்கிற ஸ்லிப்மேட் அதே வேலையத் தான் செய்யுது.

ஸ்க்ராட்ச் கதை இன்னும் அழகு. 1970-கள் நடுவுல கிராண்ட் விஸர்ட் தியோடர், அப்ப சின்ன பையன், வீட்டுல சத்தமா பாட்டு போட்டிருக்கான், அம்மா வந்து சத்தத்த குறைடான்னு திட்டுறாங்க, பையன் ரெக்கார்ட கையால புடிச்சு நிறுத்தி அம்மா பேசுறத கேட்டுக்கிட்டே லேசா முன்னும் பின்னும் ஆட்டியிருக்கான், ஹெட்போன்ல வந்த சத்தம் புடிச்சு போச்சு, அது தான் ஸ்க்ராட்ச். பல மாசம் வீட்டுலயே பழகி அப்புறம் தான் வெளிய காட்டினான்.

கேள்வி: ஜமைக்கால டீஜேன்னா பாடுறவர்னு சொல்றாங்க, குழப்பமா இருக்கு.

பதில்: அங்க ரெக்கார்ட் போடுறவரு செலக்டர், மைக்க புடிச்சு பாட்டு மேல தாளத்தோட பேசுறவரு டீஜே. 1950-கள்ல கிங்ஸ்டன்ல தெருவுக்கு தெரு பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டிய அடுக்கி சவுண்ட் சிஸ்டம் நடத்தினாங்க, டியூக் ரீட், காக்ஸன் டாட் இவங்களுக்குள்ள பயங்கர போட்டி, எதிராளிக்கு பாட்டு பேரு தெரியக்கூடாதுன்னு ரெக்கார்ட் லேபிள சுரண்டியே எடுத்துடுவாங்க. கூல் ஹெர்க் கிங்ஸ்டன்ல பொறந்து 1967-ல பிராங்ஸ் வந்தவரு, அவரும் லேபிள தண்ணில ஊற வெச்சு உரிச்சவரு தான். பெரிய ஸ்பீக்கரும் அந்த பழக்கமும் கடல் தாண்டி வந்துச்சு.

கேள்வி: டிஸ்கோ ஏன் திடீர்னு செத்துப்போச்சு? ஹவுஸ் மியூசிக்கும் அதுவும் ஒண்ணா?

பதில்: சாகல, சாகடிக்க பாத்தாங்க. 1979 ஜூலை 12, சிகாகோ காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஒரு ரேடியோ டிஜேவோட ஏற்பாடு, டிஸ்கோ ரெக்கார்ட் ஒண்ணு கொண்டு வந்தா 98 சென்டுக்கு டிக்கெட், எல்லாத்தையும் குவிச்சு வெடி வெச்சாங்க, கூட்டம் உள்ள குதிச்சு மைதானமே நாசம், ரெண்டாவது ஆட்டத்த நடத்தவே முடியல. விளையாட்டுக்கு பண்ணதுன்னு சொல்லுவாங்க. அன்னைக்கு அங்க வந்தவங்களுக்கு உக்கார இடம் காட்டுற வேலை பாத்த கறுப்பின பையன் வின்ஸ் லாரன்ஸ் பின்னாடி சொன்னது, வந்து விழுந்த ரெக்கார்ட் நிறைய டிஸ்கோவே இல்ல, கறுப்பின பாடகர்களோட சோல், ஆர் அண்ட் பி பாட்டு. டிஸ்கோவ வளத்தவங்க கறுப்பினத்தவங்க, லத்தீன் மக்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள், வேற எங்கயும் கை கோத்து ஆட முடியாதவங்க, அத மனசுல வெச்சு இந்த கதைய கேட்டா வேற மாதிரி இருக்கும்.

அதே சிகாகோல 1977-ல இருந்தே வேர்ஹவுஸ்ங்கற கிளப்ல ஃப்ராங்கி நக்கிள்ஸ் வாசிச்சுட்டு இருந்தாரு. கம்பெனிகள் டிஸ்கோ ரெக்கார்ட் போடுறத குறைக்க குறைக்க, இருக்கறத டேப்ல வெட்டி நீட்டி, டிரம் மெஷின் சேத்து புதுசா ஆக்கினாரு. வேர்ஹவுஸ்ல போடுற பாட்டு எங்கன்னு கடைல வந்து கேட்டு கேட்டு அது சுருங்கி ஹவுஸ் ஆச்சுன்னு சொல்றாங்க. அந்த மைதானத்துல நின்ன வின்ஸ் லாரன்ஸ் இருக்காரே, அவரும் ஜெஸ்ஸி சாண்டர்ஸும் சேந்து 1984-ல போட்டது தான் முதல் ஹவுஸ் ரெக்கார்ட்னு பலரும் சொல்றது. வெடி வெச்சு அஞ்சே வருஷம். 2004-ல சிகாகோ நகரமே அந்த கிளப் இருந்த தெருவுக்கு ஃப்ராங்கி நக்கிள்ஸ் பேர வெச்சுது.

கேள்வி: லேப்டாப் காலத்துல எதுக்கு இன்னும் சில பேரு அந்த கனமான டர்ன்டேபிள தூக்கிட்டு அலையறாங்க? ரெண்டு பாட்டு வேகத்தையும் மெஷினே ஒண்ணாக்குற சிங்க் பட்டன அழுத்துறது ஏமாத்து தானே?

பதில்: டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 தான நீங்க பாத்தது, 1972-ல வீட்டுல பாட்டு கேக்குறவங்களுக்காக செஞ்ச மெஷின். பழைய டர்ன்டேபிள்ல மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட்டால தட்ட சுத்தும், கைய வெச்சு நிறுத்தினா பெல்ட் நழுவி மறுபடி வேகம் புடிக்க நேரமாகும். இதுல மோட்டார் நேரா அச்சுலயே இருக்கு, விட்டதும் ஓடும். 1979-ல வந்த எம்கே2ங்கற அதோட அடுத்த மாடல்ல 0.7 நொடில முழு வேகம், பிட்ச மேல கீழ 8 சதவீதம் நகத்த நீளமான ஃபேடர். 2010-ல தயாரிப்ப நிறுத்தினாங்க, 2016-ல திரும்ப கொண்டு வந்தாங்க.

நடுவுல என்னென்னவோ வந்துச்சு. 2001-ல பயோனியர் சிடிஜே-1000, சிடிய ரெக்கார்ட் மாதிரி கையால திருப்பலாம். அப்புறம் டைம்கோட் வினைல், அதுல பாட்டே இருக்காது, ஒரு சிக்னல் மட்டும், ஊசி எங்க இருக்கு எவ்ளோ வேகமா எந்த பக்கம் போகுதுன்னு கம்ப்யூட்டர் அத படிச்சு உள்ள இருக்க ஃபைல அப்படியே ஓட்டும், முப்பது கிலோ பெட்டி தூக்கின முதுகெல்லாம் அன்னைக்கு தான் நிமிந்துச்சு. இப்ப ஒரு பென் டிரைவ் போதும்.

சிங்க் ஏமாத்துன்னு நான் சொல்ல மாட்டேன், கையில ரெண்டு நிமிஷம் மிச்சம் ஆகுது, அத வெச்சு நாலு பாட்ட ஒண்ணா நெய்யுறவங்க இருக்காங்க, அது பெரிய வித்த. ஆனா காதால பீட்மேட்ச் கத்துக்காம சிங்க்ல ஆரம்பிக்காதீங்கன்னு கெஞ்சி கேக்குறேன். மெஷின் அடி எங்கெங்க விழும்னு பாட்டு மேல ஒரு கட்டம் போட்டு தான் சேக்குது, நிஜ டிரம்மர் வாசிச்ச பழைய பாட்டுல வேகம் கொஞ்சம் ஏறும் இறங்கும், கட்டம் நழுவும், அப்ப உங்கள காப்பாத்துறது காது மட்டும் தான்.

கேள்வி: இப்ப டிஜேன்னா மேடைல ஸ்டாரா நிக்கிறாங்க. முன்னாடியும் இப்படித்தானா?

பதில்: இல்ல. நியூயார்க்ல பாரடைஸ் கராஜ்ங்கற கிளப்ல 1987 வரைக்கும் லாரி லெவன் வாசிச்சாரு, ராத்திரி ஆரம்பிச்சு விடிஞ்சப்புறமும் ஒரே ஆளு, ஜனங்க ஒருத்தர ஒருத்தர் பாத்து தான் ஆடினாங்க. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடக்க விழால டியஸ்டோங்கற டிஜே வாசிச்சாரு, உலகமே பாத்துச்சு, 2010-ல லண்டன்ல பாய்லர் ரூம்ங்கற இணைய நிகழ்ச்சி வந்து டிஜே முகத்துக்கு நேரா கேமரா வெச்சுது. இதனால எங்கயோ இருக்க ஒரு பொண்ணு உலகத்துல யாரு எப்படி வாசிக்கிறாங்கன்னு உக்காந்த இடத்துல பாத்து கத்துக்க முடியுது, அது பெரிய வரம். எனக்கு வலிக்கிறது வேற, விழாக்கள்ல ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமா கூறு போட்டு கொடுக்குறாங்க, ஒரு மணி நேரத்துல யாருக்கும் மெதுவா ஆரம்பிக்க தைரியம் வராது, எல்லாரும் உச்சத்துலயே ஆரம்பிச்சு உச்சத்துலயே முடிக்கிறாங்க. பெர்லின்ல பல கிளப்ல வாசல்லயே ஃபோன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க. அந்த ஊரு டெக்னோ இசை கலாசாரத்த 2024-ல ஜெர்மனி தன்னோட யுனெஸ்கோ மரபுப் பட்டியல்ல சேத்துக்கிச்சு, அப்படி ஸ்டிக்கர் ஒட்டி காப்பாத்துனதும் அதுக்கு ஒரு காரணம்னு நான் நம்புறேன்.

கேள்வி: எனக்கு 17 வயசு, பொண்ணு. டிஜே ஆகணும்னு ஆச. எங்க இருந்து ஆரம்பிக்கட்டும் அக்கா? அம்மா காது போயிடும்னு பயப்படுறாங்க.

பதில்: அம்மா பயப்படுறது நியாயம் தங்கச்சி, அதுல இருந்தே ஆரம்பிக்கறேன். 85 டெசிபெல்ல எட்டு மணி நேரம் தாங்கும்னா, ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும், 100 டெசிபெல்ல வெறும் 15 நிமிஷம் தான். உலக சுகாதார நிறுவனம் 2022-ல கிளப், கச்சேரி மாதிரி இடங்களுக்கு சராசரி 100 டெசிபெல தாண்டக்கூடாதுன்னு சொல்லிருக்கு, அதுவே உனக்கு ராத்திரி முழுக்கன்னா ரொம்ப அதிகம். மியூசிஷியன்ஸ் போடுற இயர்பிளக் கிடைக்கும், எல்லா சுருதியையும் சமமா குறைக்கும், பாட்டு மங்காது. முதல் மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி அத வாங்கு. எனக்கு யாரும் சொல்லல, என் இடது காதுல ஒரு மெல்லிய விசில் எப்பவும் ஓடிட்டு இருக்கு, ராத்திரி வீடு அமைதியானா நல்லா கேக்கும்.

அப்புறம் லேப்டாப்ல சொருகி பாட்ட கையால ஓட்டுற சின்ன கண்ட்ரோலர் போதும், உனக்கு உயிரான இருபது பாட்டு போதும், ஆயிரம் வேணாம். அந்த இருபதுல எங்க திருப்பம் வருது, எங்க குரல் நுழையுது, எங்க டிரம் மட்டும் நிக்குதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்ற மாதிரி கேளு. நிமிஷத்துக்கு எத்தன அடின்னு ஸ்க்ரீன்ல காட்டுற பிபிஎம் நம்பர் மேல ஒரு பேப்பர ஒட்டிட்டு ரெண்டு பாட்ட காதாலயே சேத்து பாரு. முதல் மாசம் எதுவும் சேராது. ரெண்டாவது மாசம் என்னைக்காவது ஒரு நாள் ரெண்டு டிரம்மும் ஒரே டிரம்மா கேக்கும், அன்னைக்கு எனக்கு எழுது.